பட்டம் தவறி வரும் விதைப் பொட்டலங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்கு வேண்டிய காய்கறிகளை வீட்டைச் சுற்றியே விளைவித்துக்கொள்ளும் குடும்பங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மைக் காலமாக அடிக்கடி படிக்கிறேன். மண் கலவை, சொட்டுநீர்க் குழாய், பூச்சிவிரட்டி என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதுகிறவர்கள், விதை எந்த மாதத்தில் கைக்கு வந்தது, பட்டம் எனப்படும் விதைப்புப் பருவத்துக்குள் வந்ததா என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்து உழைப்பில் ஒரு பகுதி வீணானது அந்த ஒன்றால்தான்.

ஒட்டன்சத்திரம் வட்டத்தில் ஒரு சிற்றூரில், வீட்டை ஒட்டி எங்களுக்கு 40 சென்ட் செம்மண் நிலமும் ஒரு கிணறும் உள்ளன. மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள், நான் என ஐந்து பேர். இரண்டு கறவை மாடுகள், பத்துப் பன்னிரண்டு கோழிகள். பெயர்பெற்ற காய்கறிச் சந்தை பக்கத்திலேயே இருந்தும், வெங்காயமும் உருளைக்கிழங்கும் தவிர வேறு காய் வாங்கப் பையைத் தூக்கிக்கொண்டு போவது எங்கள் வீட்டில் அரிது. தை கடைசியில் எருக்குழியைப் பிரிப்போம். மட்கிய எருவைக் கூடையில் அள்ளிப் பரப்பி, ஓர் உழவு ஓட்டி, பாத்தி பிடிப்பது கணவரின் பொறுப்பு. கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றுவிட்டு, பூவாளியால் தண்ணீர் தெளித்து, நாற்றைக் கோழி கிளறாமல் காப்பது என் பாடு. (கோழி வளர்ப்பைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் நாற்றங்காலை எங்கே வைக்கிறார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.)

விதை மட்டும் மாமியாரின் பொறுப்பு. அதில் யாரும் கை வைக்க முடியாது. சுரை விதைகளைச் சாணத்தில் பதித்து, வறட்டியாகச் சுவரில் தட்டிக் காயவிடுவார். முற்றிய வெண்டைக்காய்களைக் காம்போடு கட்டி அடுப்பங்கரை உத்தரத்தில் தொங்கவிடுவார். அடுப்புப் புகை படுவதால் பூச்சி அண்டாது என்பது அவர் கணக்கு. கத்தரியில் முதல் பறிப்பு, கடைசிப் பறிப்பு இரண்டையும் விட்டுவிட்டு, நடுப்பறிப்பில் செழித்த செடியிலிருந்து இரண்டு காய்களை மஞ்சளாகப் பழுக்கும் வரை விட்டுவைப்பார். கொடி அவரை விதையைச் சாம்பலில் புரட்டி மண்கலயத்தில் இட்டு வாயைத் துணியால் கட்டிவைப்பார். முந்தைய ஆண்டின் அடைமழையில் கூரை ஒழுகி, அந்தக் கலயத்தில் ஈரம் இறங்கிவிட்டது. திறந்து பார்த்தபோது ஒரு விதைகூட மிஞ்சாமல் வண்டு துளைத்திருந்தது. சுவரில் இருந்த வறட்டிகளும் ஊறி உதிர்ந்துவிட்டன. முதல்முறையாக நாங்கள் வெளியிலிருந்து வரும் விதையை எதிர்பார்த்து நின்றோம்.

எங்கள் ஊரில் விலையில்லாமல் விதைப் பொட்டலங்கள் தரப்படும் என்று தை மாதமே அறிவித்திருந்தார்கள். வந்து சேர்ந்ததோ பங்குனி நடுவில். கொடுத்தவர்களின் நல்ல எண்ணத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், வெண்டை விதையில் இருபதை எண்ணி எடுத்து ஈரத்துணியில் சுருட்டிவைத்துப் பார்த்ததில் ஒன்பதுதான் முளைத்தன. சான்று பெற்ற வெண்டை விதைக்குக் குறைந்தது 65 விழுக்காடு முளைப்புத் திறன் இருக்க வேண்டும் என்பது விதிமுறை. முளைத்த செடிகளும் வெயில் உச்சத்தில் வெள்ளை ஈக்களிடம் சிக்கி, மஞ்சள் நரம்புத் தேமல் நோய் கண்டு, இலையெல்லாம் மஞ்சள் வலை விரித்ததுபோல் ஆகி நின்றன. மாசி தொடக்கத்தில் விதைத்திருந்தால், நோய் வருவதற்குள் சில பறிப்புகளாவது கிடைத்திருக்கும்.

அவரையின் கதை இதைவிட வேடிக்கையானது. பொட்டலத்தின் மேல் ‘அவரை’ என்று மட்டுமே இருந்தது. விதையைக் கையில் உருட்டிப் பார்த்த மாமியார், “இது கொடி அவரை மாதிரி இருக்குது. இப்பப் போட்டா தழைதான் வரும்” என்றார். நான்தான் கேட்கவில்லை. நன்றாகவே முளைத்தது, வைகாசிக்குள் பந்தல் முழுவதையும் மூடி, கீழே வெயில் விழாத அளவுக்குத் தழைத்தது. பூ மட்டும் வரவில்லை. ஆனி போய், ஆடி போய், புரட்டாசி போயிற்று. நம் பந்தல் அவரை, பகல் பொழுது சுருங்கும் நாள்களில் மட்டுமே பூக்கும் இயல்புடையது. ஆடியில் விதைத்தாலும் பங்குனியில் விதைத்தாலும் பூப்பது ஐப்பசி, கார்த்திகையில்தான். பந்தல் இல்லாமல் குத்துச் செடியாக நின்று, எல்லாப் பருவத்திலும் காய்க்கும் குத்தவரை ரகங்கள் வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு சொல் போதும். பொட்டலத்தில் அந்த ஒரு சொல் இல்லை. ஊரில் இரண்டு வீடுகளில் மலட்டுக் கொடி என்று எண்ணி வெட்டி ஆட்டுக்குப் போட்டுவிட்டார்கள். நாங்கள் மாமியாரின் சொல்லுக்காக விட்டுவைத்தோம், கார்த்திகையில் பூத்தது. ஆனால், பீர்க்கும் புடலையும் ஏறியிருக்க வேண்டிய பந்தலை அதுவரை அதுவே அடைத்துக்கொண்டிருந்தது.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை நாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம்; விதை வழங்குவோரின் நாள்காட்டியில் அது ஏறியதாகத் தெரியவில்லை. தைப்பட்டத்துக்கான விதை மார்கழி முடிவதற்குள்ளும், ஆடிப்பட்டத்துக்கான விதை ஆனி முதல் வாரத்துக்குள்ளும் ஊருக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிந்தினால் அடுத்த பட்டத்துக்குரிய விதையை மாற்றித் தருவதே முறை. பொட்டலத்தில் இருக்க வேண்டியவை பற்றியும் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டப்படி, அரசு அறிவித்த ரகங்களின் விதைப் பொட்டலத்தில் முளைப்புத் திறன், தூய்மை, பரிசோதனை நாள் ஆகியவை இருந்தாக வேண்டும். சான்று விதைக்கு நீல அட்டையும், சான்று பெறாமல், விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டையும் உண்டு. இவற்றோடு, விதைக்கும் மாதம், கொடியா குத்தா, நாட்டு ரகமா வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகமா என்ற மூன்றையும் தமிழில், படிக்கும் அளவுள்ள எழுத்தில் அச்சிட வேண்டும்.

கடைசியாகச் சொன்னது குடும்பத் தோட்டத்துக்கு மிக முக்கியமானது. வீரிய ஒட்டு விதை நன்றாக விளையும், மறுக்கவில்லை. ஆனால், அதிலிருந்து எடுத்த விதை அடுத்த முறை தாய்ச்செடியைப் போல இராது. நெட்டை குட்டை கலந்து வரும். அதை அறியாமல் விதை எடுத்து வைத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். ஆண்டுதோறும் கை நீட்ட வேண்டாத நாட்டு ரகமோ, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 தக்காளியைப் போன்ற ஒட்டு அல்லாத ரகமோதான் எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றது. விதையை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், அக்கம்பக்கத்தாருடன் மாற்றிக்கொள்ளவும் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமே நமக்கு உரிமை தந்திருக்கிறது.

மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள் ஆதிரெங்கம் நெல் திருவிழாக்களில் உழவர்களுக்கு 2 கிலோ பாரம்பரிய நெல் விதையைக் கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பி வாங்கிய முறையைக் காய்கறி விதைக்கும் கொண்டுவரலாம். ஊருக்கு ஒரு விதைப் பெட்டி, அதைப் பார்த்துக்கொள்ள விவரமறிந்த ஒரு மூத்தவர் என்று தொடங்கினாலே போதும். இந்தத் தையில் எங்கள் பந்தலில் நெற்றாகிய அவரையில் இரண்டு படி விதை எடுத்தோம். மாமியார் அதைப் பதினோரு வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடியாகக் கொடுத்து, “ஆடி பதினெட்டுக்கு முன்னால ஊன வேண்டாம், அடுத்த தையில ரெண்டு கைப்பிடி திருப்பித் தரணும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மீதி விதை சாம்பலில் இருக்கிறது. கலயத்தை இம்முறை ஒழுகாத அறைக்கு மாற்றிவிட்டோம்.

இப்படிக்கு,
குடும்பத் தலைவி ஒருவர்,
ஒட்டன்சத்திரம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.