வெறும் பதக்கப் பட்டியல் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இசைக்கேற்பக் கைக்கருவிகளோடு ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் விளையாட்டின் முடிவுகளை ஒற்றை வரியில் போட்டு முடித்துவிடாதீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் தார்யா வர்ஃபோலோமேயெவ் 142.850 புள்ளியோடு தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. பல்கேரியாவின் போர்யானா காலேன் 140.600 எடுத்து வெள்ளி, இத்தாலியின் சோஃபியா ரஃபேலி வெண்கலம். சரி, இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? வளையம், பந்து, கிளப் (கையில் பிடித்துச் சுழற்றும் சிறு கட்டைகள்), ரிப்பன் என்று நான்கு ஆட்டம், ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஒன்றரை நிமிடம். அதற்குள் கடினம், கலைநயம், பிசகில்லாத செயல் மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறார்கள் என்று சொன்னால்தானே வாசகருக்குப் புரியும்.

ரிப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு மீட்டர் நீளம். மணிக்கட்டு ஒரு நொடி ஓய்ந்தால் சுருள் கலைந்து துணி தரையில் படுத்துவிடும், முடிச்சு விழுந்தால் புள்ளி போயிற்று. டோக்கியோ ஒலிம்பிக்கில் இஸ்ரேலின் லினோய் ஆஷ்ரம் கடைசி ஆட்டத்தில் ரிப்பனைத் தவறவிட்டும் ரஷ்ய வீராங்கனை தினா அவெரினாவை வெறும் 0.150 வித்தியாசத்தில் முந்தினார். 2000 முதல் ரஷ்யா கைவிடாத தனிநபர் தங்கம் அன்று கைமாறியது. அது நியாயமா என்று பெரிய சர்ச்சையே நடந்தது. என்னைக் கேட்டால், ஆஷ்ரம் செய்த கடினமான அசைவுகளை எண்ணிப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வராது.

அப்புறம், பாரிஸில் குழுப் பிரிவில் சீனா வென்றதே, ஐரோப்பாவுக்கு வெளியே அந்தத் தங்கம் போனது அதுதான் முதல் முறை! அடுத்த சர்வதேசப் போட்டிக்காவது அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி