காளானை அவசரமாக இறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காளான் பற்றிய கட்டுரையில் சத்துகளை அடுக்கிய அளவுக்குச் சமையலைச் சொல்லவில்லை. காளானில் சுமார் 90 சதவீதம் தண்ணீர்தான். அகலமான சட்டியில் நெருக்காமல் பரப்பி வதக்கினால் முதலில் நீர் விட்டுச் சொதசொதவென்று கிடக்கும். பலரும் அந்த நிலையிலேயே இறக்கிவிட்டு, 'வழவழப்பு' என்று முகம் சுளிக்கிறார்கள். நீர் வற்றி ஓரம் பொன்னிறமாகட்டும். காளானில் இயல்பாகவே உள்ள குளூட்டமேட் என்ற சுவைப்பொருள் தரும் அந்தக் கறிச்சுவை தூக்கலாக வரும்.

பி வைட்டமின்கள், செலினியம், நார்ச்சத்து எல்லாம் சரி. நறுக்கிச் சற்று வெயில் காட்டினால் வைட்டமின் டி-யும் கூடும். ஆனால் புரதத்தில் இறைச்சிக்கு ஈடு என்றது மிகை. 100 கிராம் பச்சைக் காளானில் 3 கிராம் அளவுதான். காட்டுக் காளான் சிலவற்றின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. அதைப் பெட்டிச் செய்தியாகவாவது போட்டிருக்கலாம்.

– ஒரு வாசகர்