போர்க்கப்பல் வரலாறு எழுதும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். கடற்படை வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் மிகச் சிலரே. அந்தச் சிலரின் எழுத்தைத் தேடித் தேடி வாசித்துவரும் வாசகன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். ஒரு கப்பலைப் பற்றிய உங்கள் கட்டுரைகள் பெரும்பாலும் அதன் நீளத்தையும் பீரங்கிகளின் எண்ணிக்கையையும் வேகத்தையும் சொல்லித் தொடங்கி, அது மூழ்கிய அல்லது உடைக்கப்பட்ட ஆண்டோடு நின்றுவிடுகின்றன. அந்த எண்கள் எப்படிக் கிடைத்தன, அவற்றுக்காக எவை இழக்கப்பட்டன, அந்தக் கப்பல் யாருடைய ஆணையால் எங்கே நின்றது என்பவையும் சொல்லப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பிரெஞ்சுக் கடற்படையின் இலகு குரூசரான (குரூசர் என்பது நாசகாரியைவிடப் பெரிய, பெரும் போர்க்கப்பலைவிடச் சிறிய போர்க்கப்பல்) ‘எமீல் பெர்த்தேன்’ கப்பலைக் கொண்டே இதை விளக்க விரும்புகிறேன்.

முதலில் ‘இலகு’ என்ற சொல்லையே சற்றுக் கவனிக்க வேண்டும். 1930ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கை குரூசர்களைப் பீரங்கியின் வாய் அளவைக் கொண்டே பிரித்தது; 155 மி.மீ.க்கு மேற்படாத பீரங்கி உடையவை இலகு வகை, அதற்கு மேற்பட்டவை கன வகை. ஏறத்தாழ 10,000 டன் எடையுள்ள அமெரிக்க புரூக்ளின் வகைக் கப்பல்களும் இந்தக் கணக்கில் இலகு குரூசர்கள்தாம். ஆகவே அந்தச் சொல்லை ‘எடை குறைந்த’ என்று பொருள் கொண்டு எழுதுவது வாசகரைத் தவறான இடத்துக்குக் கொண்டுசெல்லும். எமீல் பெர்த்தேனோ இரண்டு பொருளிலும் இலகுவானது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1931இல் சேன்-நசேர் துறைமுகத்தில் கட்டத் தொடங்கி 1933 மே மாதத்தில் நீரில் இறக்கப்பட்ட இக்கப்பலுக்கு இரண்டு வேலைகள் குறிக்கப்பட்டிருந்தன: விரைந்து சென்று கடற்கண்ணிகளை விதைத்துத் திரும்புவது, பிரெஞ்சுக் கடற்படையின் பெரிய, அதிவேக நாசகாரிக் கப்பல்களுக்குத் தலைமை தாங்குவது. 177 மீட்டர் நீளமும் 6,000 டன்னுக்குச் சற்றுக் குறைவான திட்ட எடையும் கொண்ட உடலில் 152 மி.மீ. பீரங்கிகள் ஒன்பதை, மூன்று மூன்றாக, மூன்று சுழல் மேடைகளில் பொருத்தினார்கள். அத்துடன் ஏறத்தாழ 200 கடற்கண்ணிகள், ஆறு டார்பிடோக் குழாய்கள், கடல் விமானம், அதை ஏவும் பொறி. ஆறு கொதிகலன்களும் உந்துவிசிறிகளைச் சுழற்றும் நான்கு சுழல்தண்டுகளும் சேர்ந்து 1,02,000 குதிரைத்திறனையும் 34 நாட் வேகத்தையும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) தர வேண்டும் என்பது திட்டம். சோதனை ஓட்டத்தில் இயந்திரங்களைத் திட்ட அளவுக்கு மேல் முடுக்கியபோது கப்பல் 39.66 நாட் தொட்டது.

இந்த 39.66 என்ற எண்ணைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வேகம் உடலை இலேசாக்கிப் பெற்ற வேகம். கவசம் மிகச் சொற்பம். சட்டகமும் அவ்வாறே மெலிந்திருந்ததால், விரைந்து ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்பது பீரங்கிகளையும் ஒருசேர முழக்கினால் அந்த அதிர்வை உடல் தாங்காது என்ற நிலை ஏற்பட்டு, பின்னர் அதை வலுப்படுத்த வேண்டியதாயிற்று. இதிலிருந்து பிரெஞ்சு வடிவமைப்பாளர்கள் கற்றதை அடுத்து வந்த ‘லா காலிசோனியேர்’ வகைக் கப்பல்களில் பார்க்கலாம்: அதே ஒன்பது பீரங்கிகள், ஆனால் 7,600 டன் எடை, 105 மி.மீ. பக்கக் கவசம், 31 நாட் திட்ட வேகம், இரண்டே சுழல்தண்டுகள். வேகத்தை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்கினார்கள். இரண்டையும் அருகருகே வைத்து எழுதாவிட்டால் எமீல் பெர்த்தேனின் வேகம் வெறும் சாதனையாகவே வாசகர் மனத்தில் பதியும்.

இக்கப்பலின் பெயருக்குரிய லூய்-எமீல் பெர்த்தேன், 1886 முதல் 1890 வரை ஜப்பானில் தங்கி அந்நாட்டுக் கடற்படைக்குக் கப்பல்கள் வடிவமைத்துக் கொடுத்த பொறியாளர். சீனாவின் பெரிய கவசக் கப்பல்களை எதிர்கொள்ள, 4,000 டன்னைச் சற்றே தாண்டிய மத்சுஷிமா வகைக் குரூசர்களில் 320 மி.மீ. பீரங்கி ஒன்றை வைத்தார். 1894 செப்டம்பரில் நடந்த யாலு போரில் அந்தப் பெரும்பீரங்கிகள் மிகச் சில குண்டுகளையே சுட முடிந்தது; வெற்றியை ஈட்டியவை ஜப்பானியக் கப்பல்களின் விரைவாகச் சுடும் சிறிய பீரங்கிகள். சிறிய உடலில் அதற்கு மிஞ்சிய ஆயுதம் என்ற அதே இடர், நாற்பதாண்டுகள் கழித்து அவர் பெயர் தாங்கிய கப்பலிலும் வேறு வடிவில் வந்தது என்பது என் கருத்து.

இனி அதன் பணிக்காலம். 1940 ஏப்ரலில் அட்மிரல் தெரியேனின் கொடிக்கப்பலாக (அணித்தலைவர் இருந்து ஆணையிடும் கப்பலாக), நார்வேயின் நம்சோஸ் துறைக்குப் பிரெஞ்சு மலைப்படையினரைக் கொண்டுசென்ற அணிக்குத் துணைபோனது. ஜெர்மன் விமானக் குண்டுவீச்சில் சேதமடைந்து பிரெஞ்சுத் துறைமுகமான பிரெஸ்ட் திரும்பியது. விமான எதிர்ப்புக்கு நான்கு 90 மி.மீ. பீரங்கிகளும் சில சிறு துப்பாக்கிகளும் மட்டுமே கொண்ட கப்பலுக்கு அந்த ஒடுங்கிய நார்வே நீர்வழிகள் ஏற்ற இடமல்ல.

அடுத்து நடந்ததுதான் இக்கப்பலின் வரலாற்றில் மிகக் கனமான பகுதி. பிரான்ஸ் வங்கியின் தங்கத்தை, 250 டன்னுக்கும் அதிகமாக, ஏற்றிக்கொண்டு 1940 ஜூன் 18 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறையை அடைந்தது. அதற்கு முந்தைய நாள்தான் பிரெஞ்சுப் பிரதமர் பெத்தேன் ஜெர்மனியிடம் போர்நிறுத்தம் கோரியிருந்தார். தங்கம் தங்கள் பக்கம் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் விரும்பியது. கப்பலின் தளபதி பத்தே தம் அரசின் ஆணைப்படி 21ஆம் தேதி கப்பலைக் கிளப்பினார். பிரிட்டிஷ் குரூசர் டெவன்ஷயர் பின்தொடர்ந்தபோதும், 24ஆம் தேதி கரீபியக் கடலில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மார்த்தினிக் தீவின் ஃபோர்-தெ-ஃபிரான்ஸ் வந்துசேர்ந்தது. தங்கம் தெசே கோட்டையில் இறக்கிவைக்கப்பட்டுப் போர் முடியும்வரை அங்கேயே இருந்தது.

பிறகு மூன்றாண்டுகள் கப்பல் அந்தத் துறைமுகத்தில் நின்றது. ‘செயலற்றிருந்தது’ என்ற ஒரே சொல்லில் இதைக் கடந்துவிடாதீர்கள். ஜெர்மனியோடு ஒத்துழைத்த பெத்தேனின் விஷி அரசுக்குப் பணிந்த அட்மிரல் ரொபேரின் ஆட்சியில் அத்தீவு உணவின்றி வாடிய ஆண்டுகள் அவை. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்களும் அந்தப் பஞ்சத்தில் இருந்தார்கள். அதே பிரெஞ்சுப் பேரரசின் இன்னொரு மூலையான புதுச்சேரி, ஆளுநர் போன்வேன் தலைமையில், 1940 செப்டம்பரிலேயே, ஜெர்மனிக்கு எதிராகப் போரைத் தொடர்ந்த தெகோலின் சுதந்திரப் பிரான்சின் பக்கம் சேர்ந்துவிட்டதை நாம் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது.

1943 ஜூலையில் மார்த்தினிக் மக்களும் படையினரும் எழுச்சிபெற்று ரொபேர் விலகிய பின்னரே கப்பல் நேசநாட்டுப் பக்கம் வந்தது. பிலடெல்பியாவில் கடல் விமானப் பொறியை அகற்றி, 40 மி.மீ., 20 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிகளை நிறையப் பொருத்தினார்கள். நம்சோசில் இல்லாதவை இவை. 1944 ஆகஸ்டில் தென் பிரான்ஸ் தரையிறக்கத்தின்போது தன் நாட்டுக் கரைமீதே குண்டு வீசித் துணைநின்றது.

கடைசியாக ஒன்று. 1945இல் இக்கப்பல் இந்தோசீனாவுக்கு அனுப்பப்பட்டது. 1946 மார்ச் 24 அன்று ஹா லோங் விரிகுடாவில், இதே கப்பலில்தான் வியட்நாமியத் தலைவர் ஹோ சி மின் பிரெஞ்சு உயர் ஆணையர் தார்ஜான்லியூவைச் சந்தித்தார். பிரெஞ்சுக் கப்பல்கள் அவர் பார்வைக்காக அணிவகுத்தன. அந்த ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுப் படைக்கும் வியட்நாமியருக்கும் இடையே போர் மூண்டது. நாசியரிடமிருந்து தன் நாட்டை மீட்கத் துணைநின்ற கப்பல், இரண்டே ஆண்டுகளுக்குள் வேறொரு நாட்டை அடக்கிவைக்க நின்ற அணியில் இருந்தது. இக்கப்பலைப் பற்றி நீங்கள் அடுத்து எழுதும்போது, 39.66 நாட்டுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது ஹா லோங் விரிகுடாவுக்கும் ஃபோர்-தெ-ஃபிரான்ஸ் துறைக்கும் ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்