என் கிதாரின் இரைச்சலை அடக்கித் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டிலேயே கட்டிய என் எலக்ட்ரிக் கிதார் ஒருவழியாக வாசிக்கிற நிலைக்கு வந்துவிட்டது. கட்டியதைவிட, ஆம்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) சொருகியதும் கிளம்பிய இரைச்சலை அடக்கியதுதான் பெரும்பாடு. அது ஒரே இரைச்சல் இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கோளாறுகள் என்று பிரித்துக் காட்டியவர்கள் நீங்கள். நேரில் ஆளுக்கொரு நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் யார் என்ன செய்தார் என்பது மற்றவருக்குத் தெரியாதே. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எலக்ட்ரீசியன் தம்பிக்கு. குளியலறை விளக்கு மாட்ட வந்தவரிடம், "கிதார் கம்பியைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்கிறது தம்பி" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். விளக்கை அப்படியே வைத்துவிட்டு வந்தார். ஆம்ப் சொருகியிருந்த பிளக் பாயின்டில் டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தார். பல்பு எரியவே இல்லை. பெட்டியைத் திறந்தால், பச்சை வயர் எதோடும் சேராமல் மடித்து உள்ளே திணிக்கப்பட்டிருந்தது. வெளியே பார்த்தால் மூன்று ஓட்டை. உள்ளே எர்த் இல்லை! கிதார் கம்பிகள், அவை வந்து முடிகிற பிரிட்ஜ் என்ற உலோகப் பாகத்தின் வழியாக, ஆம்பின் கிரவுண்டோடு (எர்த்தோடு சேரும் பொது இணைப்போடு) இணைந்தவை. ஆம்புக்கு எர்த் கிடைக்காவிட்டால் அதன் உலோகப் பாகங்களில் கசிகிற மின்சாரம் நேராக வாசிப்பவன் விரலுக்கு வரும். இரைச்சலைத் தேடப் போய் உயிருக்கே உலை வைக்கக்கூடிய பழுதைக் கண்டுபிடித்தீர்கள் தம்பி. பச்சை வயரை மாட்டியதும் சுள்ளென்பது நின்றது, இரைச்சலும் பாதிக்கு மேல் இறங்கியது. காசு வாங்க மறுத்தது மட்டும் நியாயமில்லை.

அப்புறம், சென்னை ரிச்சி தெருவில் பழுது பார்க்கும் அண்ணன். மிச்சமிருந்த இரைச்சலைப் போனில் பதிவு செய்து கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அடியில 'ம்ம்'முனு ஒண்ணு, மேல 'ஜ்ஜ்'னு ஒண்ணு. ரெண்டும் வேற வேற" என்றார். "ம்ம்" என்பது ஹம். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றாகச் செம்புக் கம்பி சுற்றிய பிக்கப், கிதார் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும்போதே வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தையும் பிடித்துக்கொள்கிறது. "ஜ்ஜ்" என்பது பஸ் (buzz). அது மின்புலத்தின் வழியாக வருவது. பிக்கப் உட்காரும் குழிக்குள் காப்பர் டேப் ஒட்டினால் பஸ் அடங்கும், ஹம் அசையாது. டேப் விற்கிறவரே இதைச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டேப்பின் பசை மின்சாரம் கடத்தாத வகை. ஆகவே பட்டைமேல் பட்டை ஒட்டினால் மட்டும் போதாது. குழிக்குள் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு சால்டர் வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கேபிள் சொருகும் ஜாக்கின் கிரவுண்டில் பிடித்துக்கொண்டு மறுமுனையால் மூலை மூலையாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். குழியை மூடும் பிக்கார்டின் அடிப்பக்கம் வரைக்கும், இணைப்பு இருக்கிறது என்று சொல்லும் பீப் கேட்டது. வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் கிரவுண்ட் வயர் பிடிக்கத் தன் 60 வாட் சால்டரிங் அயர்னையும் இரவல் கொடுத்தார்.

பஸ்ஸின் ஊற்று ஹாலில்தான் இருந்தது. எங்கள் ஃபேன் ரெகுலேட்டர், படியில்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்புகிற பழைய வகை. மின்னலையின் ஒவ்வொரு அரைச் சுற்றையும் நடுவில் வெட்டித்தான் அது வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டுதான் ஆம்பில் "ஜ்ஜ்" என்று கேட்டது. இதை உறுதிசெய்யக் கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்தவும் போடவும் விட்டுக்கொடுத்த பாட்டிக்குத் தனி நன்றி. இப்போது கெப்பாசிட்டர் வைத்த, படிப்படியாகத் திரும்பும் ரெகுலேட்டர் மாட்டியாகிவிட்டது.

பலாமரத்தில் உடம்பு செதுக்கித் தந்த கார்பென்டர் மாமாவுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். வீணை செய்கிற மரம் கிதாருக்கு ஆகாதா என்று கேட்டு அதையே எடுத்தவர் அவர்தான். பிக்கப் குழியிலிருந்து பிரிட்ஜின் அடிக்குச் சாய்வாக ஒரு மெல்லிய துளை போட வேண்டும், கிரவுண்ட் வயருக்கு. மேல்பரப்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. கதவு ஜன்னல் செய்கிற கை!

தேவாலயத்தில் கிதார் வாசிக்கும் அங்கிள்தான் கடைசியாக வாசிப்புக்குப் பதப்படுத்திக் கொடுத்தார். முதல் ஃப்ரெட்டில் (வீணையின் மெட்டு போன்றது) கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பை மாட்டி, கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் கால் மில்லிமீட்டர் இடைவெளி வரும் வரை, கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைத் திருகினார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரம் 2 மில்லிமீட்டர். பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் சேடில்களை நகர்த்திச் சுருதி சேர்த்தார். ஹம்முக்கு அவர் சொன்ன வழியும் எளிது. என் நடுப் பிக்கப்பின் சுற்றும் காந்தமும் மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசை. பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சை இரண்டாவது அல்லது நான்காவது நிலையில் வைத்தால் நடுப் பிக்கப்பும் பக்கத்து ஒன்றும் சேர்ந்து ஒலிக்கும், அப்போது இரண்டு பிக்கப்பின் ஹம்மும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. தனிப் பிக்கப்பில் கொஞ்சம் ஹம் இருக்கத்தான் செய்கிறது. அந்தத் தொனிக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அங்கிள் கட்சி, நானும் அதே கட்சி.

காப்பர் டேப் அரைச் சுருள் மிச்சமிருக்கிறது. யாராவது கட்டுவதானால் வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணா, உங்கள் அயர்னை இந்த வாரமே கொண்டுவந்து தருகிறேன்.