துல்லியம் எத்தனை குண்டுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்நைப்பர் துப்பாக்கிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சுட்டுவிட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை 'வேகம் உண்டு, துல்லியம் இல்லை' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. அடுத்த பத்தியிலேயே, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை (தோட்டா அறையை மூடும் உலோகப் பூட்டு) கையால் இழுத்து மூட வேண்டிய ஒரு போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கு 'ஒரு எம்.ஓ.ஏ. துல்லியம்' என்று பாராட்டு. எத்தனை குண்டு சுட்டு எடுத்த கணக்கு அது?

எம்.ஓ.ஏ. என்பது குண்டுகள் எவ்வளவு சிதறி விழுகின்றன என்பதைச் சொல்லும் கோண அளவு; ஒரு எம்.ஓ.ஏ. என்றால் 100 மீட்டரில் சுமார் 29 மில்லிமீட்டர். மூன்று குண்டு சுட்டுப் பார்க்கையில் சராசரியாக அந்த அளவுக்குள் அடங்கும் துப்பாக்கி, அதே தோட்டாவில் பத்து குண்டு சுடும்போது ஒன்றரை எம்.ஓ.ஏ.யைத் தாண்டும். துப்பாக்கியில் கோளாறு எதுவும் இல்லை. குண்டுகள் கூடக்கூட, ஓரமாக விழும் குண்டும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. விளம்பரக்காரர்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்வது சும்மா இல்லை.

1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பிறகு ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் உருவாக்கிய பி.எஸ்.ஜி.1 ஸ்நைப்பர் துப்பாக்கி செமி ஆட்டோமேட்டிக்தான். அதற்கு வைத்த சோதனை: 300 மீட்டரில் 50 குண்டும் 80 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். அதாவது, 50 குண்டுக்கு 0.92 எம்.ஓ.ஏ. மூன்று குண்டுக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பேசுவதே தவறு. ஆனால் ஸ்கோப்போடு எடை எட்டு கிலோ. காலித் தோட்டாவைப் பல மீட்டர் தள்ளி வீசி எறியும். காவல்துறைக்குச் சரி, பதுங்கிக் கிடக்கும் சிப்பாய்க்கு ஆகாது.

பிறகு ஏன் இந்தக் கெட்ட பெயர்? பெரும்பாலும் அமெரிக்க ராணுவத்தின் எம்14 ரைஃபிள் காலத்துச் சங்கதி. அதில் வாயு சிலிண்டர் குழலிலேயே தொங்குகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே வாயு பிரிந்து பிஸ்டனைத் தள்ளத் தொடங்குகிறது. குழலின் அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க, கட்டைக்கும் இரும்புக்கும் இடையே கண்ணாடியிழைப் பிசின் ஊற்றிப் படுகை அமைப்பார்கள். சுத்தம் செய்யக் கழற்றிக் கழற்றி மாட்ட அந்தப் படுகை தேயும், குறி விலகும். வியட்நாம் போரில் பயன்பட்ட அதன் ஸ்நைப்பர் வடிவமான எம்21-ஐ விட்டு, அமெரிக்கத் தரைப்படை 1988-ல் போல்ட் ஆக்‌ஷன் எம்24-க்குப் போனது. 2008-ல் எம்110 மூலம் மறுபடி செமி ஆட்டோமேட்டிக் வந்தது. எம்110-ல் கைப்பிடி உறை குழலைத் தொடுவதே இல்லை. போல்ட் இயங்கும் நடு உடலான ரிசீவரில் மட்டும் பிடித்து நிற்கிறது. தோள்வாரை இறுக்கினாலும், பைப்பாட் என்ற இரட்டைக்கால் தாங்கியில் சாய்ந்தாலும் குழல் வளையாது.

சோவியத் செமி ஆட்டோமேட்டிக்கான டிராகுனோவைக் கட்டுரை தூரத்து ஸ்நைப்பர்களோடு சேர்த்தது பொருந்தாது. 1963-ல் ஏற்கப்பட்ட அது, காலாட்படைப் பிரிவு சுடக்கூடிய தூரத்தைக் கூட்டுவதற்கான ஆயுதம். குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டும் வரிகளின் முறுக்கு 320 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்றிருந்தது; அதை 1970களில் 240 ஆக்கினார்கள். கவசத் துளைப்புத் தீக்குண்டு நிலையாகப் பறக்க அது தேவைப்பட்டது. ஸ்நைப்பர் தோட்டாவின் துல்லியம் குறைந்தது. தெரிந்தே செய்த பேரம்.

போட்டிக் களத்தில் வேறு சிக்கல்கள். ராணுவ வகை ரைஃபிள்களுக்கான அமெரிக்க சர்வீஸ் ரைஃபிள் போட்டியில் 300 கஜத்தில் படுத்தபடி 70 நொடியில் பத்து குண்டு, நடுவில் மேகசின் மாற்றமும் உண்டு. கையால் போல்ட் இழுத்து ஏற்றிய முதல் குண்டு மட்டும் தனியே விலகி விழுந்தால் ஸ்கோப்பைத் திருகக் கூடாது. வாயு தள்ளி ஏறும் தோட்டாவும் கை ஏற்றும் தோட்டாவும் அறையில் ஒரே மாதிரி உட்காருவதில்லை. விசையையும் குண்டு கிளம்பியதும் விட்டுவிடாமல், பின்னுக்கு அழுத்தியபடியே போல்ட் மூடும்வரை வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, கட்டுரை சொன்ன ஒரு யோசனை ஆபத்தானது. சத்தம் வராமலிருக்க போல்ட்டைக் கையால் பிடித்து மெல்ல மூடலாமாம். அப்படிச் செய்தால் போல்ட் முழுதாகப் பூட்டாமல் நிற்கலாம். இழுத்து முழுதாக விட்டுவிடுவதே முறை, ஆனால் மேகசினிலிருந்து தோட்டா ஏறும்போது மட்டும். ஒற்றைத் தோட்டாவை நேரே அறையில் போட்டுவிட்டுப் போல்ட்டை விட்டால், வேகத்தைத் தணிக்க எதிரே எதுவும் இருக்காது. எம்14, ஏ.ஆர்.15 போன்ற துப்பாக்கிகளில், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியான சுடுமுனையைப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் கிடையாது; போல்ட் மூடும் வேகத்திலேயே அந்த ஊசி, தோட்டாவின் அடியில் தீமூட்டும் ப்ரைமரைத் தொட்டுவிடும். அறையேற்றிவிட்டுச் சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவைத் திருப்பிப் பாருங்கள், ப்ரைமரில் ஊசி குத்தியதுபோல் ஒரு சிறு பள்ளம் தெரியும். ப்ரைமர் மென்மையானதாகவோ, தோட்டா அடியைவிட மயிரிழை மேலே நீட்டிக்கொண்டோ இருந்தால், விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும். இந்தத் திருத்தத்தையாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடுதல் பயிற்சியாளர் ஒருவர்