உருளைக்கிழங்கு வாடல்: உடனே வயலைப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. ஊட்டிப் பக்கம் இரண்டு தோட்டங்களில் செடி பச்சையாக இருக்கும்போதே தலை தொங்குகிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் பாய்ச்சிவிடாதீர்கள், நோய் பக்கத்துப் பாத்திக்கும் போய்விடும்.

வாடிய செடியின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் பிடித்து, வெட்டுவாய் மட்டும் நனையும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால் அது ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. கிழங்கைக் குறுக்கே வெட்டினால் பழுப்பு வளையம் தெரியும். கிழங்கின் முளைக்கண்களில் கசிவு வந்து மண் அப்பியிருக்கும்.

இதைக் குணமாக்க மருந்து கிடையாது. கடைக்காரர் சொன்னார் என்று பூஞ்சைக்கொல்லி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். செடியைக் கிழங்கோடு தோண்டி எடுத்து வயலுக்கு வெளியே அழியுங்கள், ஓடையில் வீச வேண்டாம். மண்வெட்டி, செருப்பைக் கழுவிவிட்டு அடுத்த வயலுக்குப் போங்கள்.

அந்த நிலத்துக் கிழங்கு பார்க்க நன்றாக இருந்தாலும் விதைக்கு எடுக்காதீர்கள், தயவுசெய்து. முழு விதைக்கிழங்காகவே நடுங்கள். வெட்டும் கத்தியிலும் நோய் பரவும். அடுத்த போகம் பூண்டு, முட்டைகோஸ் போடலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டவே வேண்டாம், அவற்றுக்கும் இதே நோய் வரும்.

சந்தேகம் இருந்தால் டம்ளர் படத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.