‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’: கடைசி அத்தியாயங்களை வெட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சில வாரங்களாகத் தங்கள் ஞாயிறு இதழின் வாசகர் பக்கத்தில் ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ நாவலைப் பற்றி நடக்கும் வாக்குவாதத்தை விடாமல் வாசித்து வருகிறேன். எழுபது வருடத்துக்கு முந்திய ஓர் ஆங்கில நாவலுக்காக யாழ்ப்பாணத்தில் இத்தனை பேர் பேனா எடுத்தது பெரிய சந்தோஷம். நல்லூர் வாசகர் முதல் பாகம் ஆமை வேகம் என்கிறார். சுன்னாகத்துச் சகோதரி அந்த நிதானத்துக்காகவே திரும்பத் திரும்ப வாசிப்பதாக எழுதினார். உயர்தர மாணவர் ஒருவர் படத்தைப் பார்த்தாலே போதும் என்று முடித்துவிட்டார். அவரவர் ரசனை என்று விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த நாவலைத் தமிழில் சுருக்கித் தரலாம், கதாநாயகன் புரோடோ அழிப்பதற்காகச் சுமந்து போகும் தீய மோதிரம் எரிமலைக்குள் விழுந்ததோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்குப் பிறகு வருவதெல்லாம் வெறும் இழுவை என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நல்லூர் வாசகருக்கு. மந்திரவாதி கண்டால்ஃப் வந்து மோதிரத்தின் ஆபத்தைச் சொன்ன பிறகும் புரோடோ ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை வீட்டிலேயே இருக்கிறான். இது அவருக்கு எரிச்சல். ஆனால் வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும் என்று தெரிந்தவர் எவராவது அன்றைக்கே கிளம்பிவிடுகிறாரா? கடைசியில் புறப்பட்டதும் பாருங்கள். புரோடோவும் தோழர்கள் இருவரும் தெருவோரத்தில் ஒளிந்திருக்கிறார்கள். கறுப்பு உடை போட்ட ஒருவன் குதிரையை நிறுத்திவிட்டு, முகத்தைத் திருப்பித் திருப்பி மோப்பம் பிடிக்கிறான். அப்புறம் போய்விடுகிறான். வாள் இல்லை, சண்டை இல்லை. அதற்கு முன் அத்தனை பக்கம் அமைதியாக நகர்ந்திருக்காவிட்டால் அந்த மோப்பச் சத்தம் நெஞ்சில் இப்படி இறங்கியிராது.

டொம் பொம்படிலைத்தான் அநேகமானோர் திட்டுகிறார்கள். கதைக்குச் சம்பந்தமில்லாத ஆள், பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிறார் என்று. படத்திலும் அவர் இல்லை. ஆனால் புதைமேட்டிலிருந்து எடுத்த பழைய கத்திகளைப் புரோடோ, சாம், மெரி, பிப்பின் என்ற நான்கு தோழர்களுக்கும் கொடுப்பவர் அவர்தான். அவற்றில் மெரிக்குக் கிடைத்த கத்திதான் பல நூறு பக்கங்கள் தள்ளி, பெலெனோர் போர்க்களத்தில், நாஸ்கூல்கள் என்ற அந்தக் கறுப்புக் குதிரைக்காரரின் தலைவனுடைய முழங்காலுக்குப் பின்னால் இறங்கி அவனுடைய மந்திரக் கட்டை அறுக்கிறது. சம்பந்தமில்லாத அத்தியாயம் என்று தாண்டிப் போனவருக்கு அந்தக் கத்தி எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

மோதிரத்தை என்ன செய்வது என்று எல்லோரும் கூடிப் பேசும் எல்ரொண்டின் சபை மட்டும் முதல் வாசிப்பில் களைப்புத்தான், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆள் மாறி ஆள் பழங்கதை சொல்கிறார்கள். பெயர்கள் மனதில் நிற்பதில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நாங்கள் வாரத்தொடர் வாசித்து வளர்ந்தவர்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடர் முடிந்ததும் டோல்கீனின் முதல் பாகம் வெளிவந்ததும் ஒரே 1954இல்தான். ஆனால் கல்கி வாரா வாரம் வாசகரை இழுத்துப் பிடித்து எழுதியவர். டோல்கீன் 1937இல் தொடங்கிப் பன்னிரண்டு வருடம், ஒரே நீண்ட கதையாக எழுதினார். மூன்று பாகமாகப் பிரித்தது பதிப்பகத்தின் செலவுக் கணக்கு. இரண்டாம் பாகம் புரோடோ எதிரியின் கையில் அகப்படுவதோடு முடிகிறது. அது வந்தது 1954 நவம்பரில், மூன்றாம் பாகம் வந்தது 1955 ஒக்டோபரில். அன்றைய வாசகர் பதினொரு மாதம் காத்திருந்து புத்தகத்தைத் திறந்தால், அடுத்த பத்து அத்தியாயங்களும் வேறு ஆட்களைப் பற்றி! புரோடோவுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு சேதியும் இல்லை. அந்தப் பத்தாம் அத்தியாயத்தில் எதிரியின் தூதன் புரோடோவின் மித்ரில் என்ற அரிய உலோகக் கவசத்தை எடுத்துக் காட்டும்போது, நாங்களும் கண்டால்ஃபோடு சேர்ந்து திகைத்து நிற்கிறோம். காத்திருக்க வைத்ததன் பலன் அது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மோதிரம் அழிவது மூன்றாம் பாகத்தின் பிற்பாதியில், அதன் மூன்றாம் அத்தியாயத்தில். அதற்குப் பிறகு ஆறு அத்தியாயங்கள் இருக்கின்றன. இழுவை என்று சொல்லப்படுவது இவைதான். கந்தபுராணம் கேட்டு வளர்ந்த ஊரில் இதைச் சொல்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஆறு காண்டங்களில் நான்காவதிலேயே சூரபன்மன் கதை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தேவ காண்டம், தட்ச காண்டம். வள்ளியம்மை திருமணம் வருவது கடைசிப் படலத்தில். எங்கள் கோயில்களில் ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன் சொல்ல, எத்தனை நாள் போனாலும் அதுவரைக்கும் இருந்து கேட்பார்கள். சூரன்போர் முடிந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று யாரும் ஏட்டைக் கட்டிவைப்பதில்லை.

அந்தப் பிற்பாதியின் எட்டாம் அத்தியாயமாக வருவது, தோழர்கள் தங்கள் சொந்த ஊரான ஷயருக்குத் திரும்புகிற கதை. நான்கு பேரும் இரவில் ஊர் வாசலுக்கு வருகிறார்கள். பாலத்தில் கூர் முனை வைத்த படலை. உள்ளே சுவரில் சட்டதிட்டங்களின் பட்டியல். விடுதிகள் மூடியாயிற்று. வீதியோரத்து மரங்கள் வெட்டப்பட்டுவிட்டன. சாம் வாழ்ந்த தெரு மணலும் கல்லும் தோண்டிய கிடங்காகிவிட்டது. புரோடோவின் உறவினர் பில்போவின் பிறந்தநாள் விருந்து நடந்த மரம் தறிபட்டு வெளியில் கிடக்கிறது. அதைக் கண்டதும் சாம் அழுதுவிடுகிறான். எதிரியின் நாடான மோர்டோருக்குள் தண்ணீரில்லாமல் புரோடோவை முதுகில் சுமந்து மலையேறியவன்!

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்த சனத்தில் நானும் ஒருத்தி. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது எங்கள் வளவுக்குப் படலை இல்லை. கிணற்றுக்குள் ஓட்டுத் துண்டுகள். அம்மா தண்ணீர் ஊற்றி வளர்த்த கறுத்தக்கொழும்பான் மாமரம் அடியோடு தறிக்கப்பட்டிருந்தது. அம்மா வீட்டுக்குள் போகவில்லை, அந்த அடிக்கட்டையைத்தான் முதலில் போய்த் தடவிப் பார்த்தார். இந்த ஊரில் இப்படி ஒரு கதை இல்லாத வீடு குறைவு. எங்களுக்கா அந்த அத்தியாயம் இழுவை?

டோல்கீன் அதைப் பிற்சேர்க்கையாக ஒட்டவில்லை. தொடக்கத்திலிருந்தே திட்டமிட்ட பகுதி அது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் சொல்கிறார். தாம் சிறுவயதில் வாழ்ந்த நாட்டுப்புறம் தமக்குப் பத்து வயதாகும் முன்பே பாழாகிப் போனதையும் அங்கே குறிப்பிடுகிறார். புத்தகத்தின் குறைகளில் ஒன்றை மட்டும் அந்த முன்னுரையில் ஒத்துக்கொள்கிறார். புத்தகம் போதிய நீளம் இல்லை என்பதுதான் அந்தக் குறை!

அதற்கடுத்தது கடைசி அத்தியாயம். சாம் ஊரெல்லாம் கன்று நடுகிறான், அடுத்த வசந்தத்திலேயே அவை கிளம்பிவிடுகின்றன. புரோடோவுக்கோ பயணத்தில் கத்திக் காயம் பட்ட அதே ஒக்டோபர் நாளில், வருடா வருடம், நோவு திரும்பி வருகிறது. மரம் வளர்ந்துவிட்டது, மனிதன் ஆறவில்லை. இதைக் காட்ட வருடங்கள் ஓட வேண்டும், பக்கங்கள் வேண்டும். மலையோடு கதையை நிறுத்தினால் பிள்ளைகளுக்கு வெற்றி மட்டும்தான் கிடைக்கும்.

பிள்ளைகளுக்குச் சுருக்கித் தருவதில் எனக்கு மறுப்பில்லை. தாராளமாகச் செய்யுங்கள். எல்ரொண்டின் சபையைப் பாதியாக்குங்கள், மலை, ஆறு, புல்வெளி வர்ணனைகளில் கொஞ்சம் எடுங்கள், பாட்டுகளில் சிலவற்றை விடுங்கள். அந்தக் கடைசி இரண்டு அத்தியாயங்களை மட்டும் ஒரு வரி குறையாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில்.